பெயர்கள் ஓடும்போது எழுந்தவன்

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை சார். உங்களிடம் மட்டும் எதற்கு மறைக்க வேண்டும்?

என் பெயர் சுடலைமுத்து. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனி பிரஸ் ஷாப்பில் வேலை. ‘சாம்பல் படை’ படங்களுக்கு இந்த ஊரில் இருக்கிற ரசிகர் மன்றத்தின் செயலாளர் நான்தான். செத்துப்போன பூபதி தர்மபுரிக்காரன். ஒரே ஷிப்டு, ஜூஜுவாடியில் ஒரே அறை. அவனை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலாம் பாகத்துக்கு அவனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

அவன் பொதுஜனம் சார். அவனிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான். சனிக்கிழமை பொழுது போகவில்லையென்றால் படத்துக்கு வருகிற ஆள். மூன்றாம் பாகத்தில் பாதியைத் தூங்கிக் கழித்துவிட்டு, மறுநாள் கேன்டீனில் உட்கார்ந்து, “முன்னாடி வந்த ரெண்டையும் பாத்துட்டு வந்தாத்தான் புரியும்னா, அது படமாடா, பரீட்சையா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், சூப்பர்வைசர் உட்பட. நான் பாதிச் சோற்றோடு எழுந்து போய்விட்டேன். ஆனால் ரசிகன் என்றால் கோபப்படக் கூடாது, புரியவைக்க வேண்டும். நான் செய்தது அந்த வேலையைத்தான்.

நாலாம் பாகத்தின் உயிரே பெயர்கள் ஓடி முடிந்த பிறகு வருகிற காட்சியில்தான் இருக்கிறது. முதல் பாகத்தில் செத்துவிட்டான் என்று நாமெல்லாம் அழுத தம்பி, நாயகனுக்கு போன் செய்கிறான். அதைப் பார்க்காதவன் படத்தையே பார்க்காதவன். படம் வந்த அன்று காலையில் எங்கள் ரசிகர் காட்சியில் ஒரு ஆள் அசையவில்லை. அடுத்த காட்சிக்கு வந்த குடும்பத்துக்காரர்களோ, பெயர்கள் வந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். போனவர்கள் சும்மா போனார்களா? டீக்கடையில் நின்று, இது முடிவே இல்லாத படம் என்று ஊர் முழுக்கப் பரப்பினார்கள். இப்படிப் பேசித்தான் நல்ல படத்தைச் சாகடிக்கிறார்கள். ஐந்தாம் பாகம் வராமல் போனால் யார் சார் பொறுப்பு? உங்கள் ஏட்டையாகூட அந்தக் காட்சியைப் பார்க்காமல் வந்தவராம். இப்போதுதான் சொன்னார், வெட்கமே இல்லாமல்.

முதல் நாள் கூட்டத்தைச் சமாளிக்க, தியேட்டர்காரர்கள் கதவுகளை மன்றத்துப் பையன்களிடம் விட்டுவிடுவார்கள். ரொம்ப காலமாக அப்படித்தான். பூபதிக்கு நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது மாலைக் காட்சிக்கு. அது முடிகிற நேரத்தில் முன்கதவை எங்கள் பையன்கள் மறித்து நின்றார்கள். வண்டி ஸ்டாண்டுப் பக்கம் திறக்கிற கதவை நான் வெளியிலிருந்து பூட்டினேன். பூட்டும் என்னுடையது, யோசனையும் என்னுடையது. பையன்களை இதில் இழுக்காதீர்கள். அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்கிற பாக்கியத்தை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வெளியே நின்றேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டத்தான் செய்வார்கள் என்று தெரியும். அப்புறம் பூபதியின் குரல் வந்தது.

“முத்து, நீதான் வெளிய நிக்கறன்னு தெரியும்டா. கதவத் தொற. இந்தப் புகையில மூச்சு விட முடியல. மருந்து வண்டியில இருக்குது.”

அவனுக்கு இழுப்பு உண்டு. கூடவே படுத்துத் தூங்குகிற எனக்குத் தெரியாதா? கடைசிச் சண்டைக்கு எங்கள் பையன்கள் திரைக்கு முன்னால் தட்டுத் தட்டாகக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவன் நடிக்கிறான் என்று நினைத்ததாகச் சொல்லச் சொல்லி வக்கீல் சொல்லிக்கொடுத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. பூபதி பொய் பேசுகிறவன் இல்லை. அவன் மூச்சு இழுப்பது கதவு வழியாகவே எனக்குக் கேட்டது.

“இன்னும் ரெண்டே நிமிசம்தாம்லே. அதையும் பாத்துட்டு வா,” என்றேன்.

அதற்குப் பிறகு அவன் கொஞ்ச நேரம் நகத்தால் கதவைச் சுரண்டினான். அதுவும் நின்றுவிட்டது. திரையில் தம்பியின் போன் அடித்ததும் உள்ளே விசில் பறந்தது. வெளியே நின்ற எனக்கே புல்லரித்தது. விளக்கு போட்ட பிறகு திறந்தேன்.

கொலை என்று எழுதப் போகிறீர்களா, எழுதுங்கள். பூட்டியது நான். அவன் கெஞ்சியும் திறக்காதது நான். கையெழுத்துப் போடுகிறேன். மன்னிப்பு மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள். அவன் கதவுப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் திரையைப் பார்த்து இருந்தது, கண்ணும் திறந்துதான் இருந்தது. முழுப் படத்தையும் பார்த்துவிட்டான் சார். இந்தத் தடவை அவனுக்கு எல்லாம் புரிந்திருக்கும்.