கடலோரத்து வீட்டுக்கு என்ன பலகை

கல்கத்தாவுல, பாலிகஞ்ச் போற டிராம்ல நடந்தது. ரெண்டாயிரமோ, அதுக்கு முந்தின வருஷமோ, மழைக்காலம்னு மட்டும் நல்லா ஞாபகம், ஜன்னலோரம் நனைஞ்சுட்டு எடம் மாறி உக்காந்தேன். முன்னாடி நம்ம ஊர்க்காரங்க, புருஷனும் பொண்டாட்டியும். சுத்தியும் வங்காளிங்கதானேன்னு தமிழ்ல சத்தமாவே பேசிக்கிட்டாங்க. அந்தம்மாதான் புருஷனச் சீண்டி ஆரம்பிச்சாங்க.

"காலமெல்லாம் ஹார்பர் ஆபீஸ்ல ஃபைல் பாத்தவருக்கு, ரிட்டையரானதும் வீட்டு வாசல்ல கப்பல் டெக்கு வேணுமாம்."

"கப்பல் இல்லம்மா. கடலப் பாத்து உக்கார மரப்பலகையில ஒரு தளம். பாண்டிச்சேரில எடம் வாங்கியாச்சு, கட்டிக்கிட்டுப் போயிட வேண்டியதுதான். தேக்கு போடலாமா?"

"வெயில்ல வெளுத்துடும்."

"சால் மரம்? இங்க ரயில் தண்டவாளத்துக்கு அடியில போடறாங்களே, அது."

"அடிக்கற ஆணியெல்லாம் உப்புக்காத்துல துருப்பிடிச்சுடும்."

"சரி, கருங்கல்லு."

"மத்தியானம் கால் வைக்க முடியாது. செருப்பப் போட்டுக்கிட்டு கடலப் பாருங்க."

அவரு உக்காந்திருந்த பெஞ்சத் தட்டினாரு. "இதப் பாரு. எத்தன மழை பாத்த பலகை, அப்படியே இருக்கு."

"கல்கத்தா மழையில உப்பு இல்லீங்க. அதான் பலகையும் நல்லாருக்கு, நானும் நல்லாருக்கேன்."

அவரு பெஞ்சுலேருந்து கைய எடுத்தாரு. அப்புறம் கேட்டாரு, "எதுவுமே ஆகாதுன்னா, வீடே கட்ட வேணாங்கறியா?"

"நான் பலகையத்தான் சொன்னேன். வீடு வேணாம்னது நீங்க."

லேக் மார்க்கெட் வந்ததும் அந்தம்மா கண்டக்டர்கிட்ட வங்காளத்துல நிறுத்தச் சொல்லிட்டு, "வாங்க, முருங்கக்கா தீந்துடும்"னு எறங்கிட்டாங்க. அவரும் பின்னாலேயே போனாரு. படியில மட்டும் ஒரு நிமிஷம் நின்னு, அந்தப் படிப் பலகையக் கால்ல அழுத்திப் பாத்துட்டு எறங்கினாரு.