தாய்க்கிணற்றின் எல்லைக்கற்கள்

காவாக் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் சற்று நிற்கட்டும். மேடையில் வீற்றிருக்கும் ஷேக் நப்ஹான் அவர்களே, புதுக்குடியிருப்பின் தலைவர் முஹன்னா அவர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும். நம் ஊரின் நீர் மேலாளர் ஹுமைத் பின் ஸைஃப் நம்மை விட்டுப் போய்விட்டார். பம்பு அறையில் அவரோடு காலமெல்லாம் இருந்தவன் என்று என்னைப் பேச அழைத்தீர்கள். நிற்கிறேன்; ஆனால் நிலைகொள்ளவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

யார் இந்த ஹுமைத்? நம் வாய்க்கால் பிறக்கிற தாய்க்கிணற்றைச் சுற்றி முன்னோர் நட்ட எல்லைக்கற்களுக்குள் எவரும் வேறு கிணறு தோண்டக் கூடாது என்ற முறையை மீட்டுத் தந்தவர். ஊர் பெருத்தது. கற்களுக்குள் வீட்டுக்கு வீடு கிணறு வந்தது. வாய்க்கால் வற்றியது. மூடச் சொல்லி வாசல் வாசலாகப் போனார். "உங்க அப்பா தோண்டுனதும் கல்லுக்குள்ளதானே இருக்கு? மொதல்ல அதை மூடிட்டு வாங்க" என்று மடக்கினோம்.

மூடினாரே! தன் கையாலேயே கல் போட்டு மூடினார். அவர் மனைவி ஸயானா குடத்தோடு வந்து, "நல்லா மூடுங்க. நாளையிலேர்ந்து தண்ணி நீங்கதான் சுமக்கணும்" என்றார். "சுமக்கறேன். அந்தக் கோவத்துல காவாவைக் கசக்க வச்சுடாதே" என்றார் இவர். நாமெல்லாம் பார்க்கச் சுமந்தார். பிறகு எந்த முகத்தோடு மறுப்பது? ஒவ்வொருவராக மூடினோம். வாய்க்காலில் தண்ணீர் திரும்பியது.

புதுக்குடியிருப்பை அவர் மறந்தாரா? ஓடைக்கு அக்கரையில், கற்களுக்கு வெகுதூரத்தில், உங்களுக்காகக் கிணறு எடுத்தவரே அவர்தான். குழாய் பதிப்பதுதான் பாக்கி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "குழாய் ஓடையைத் தாண்டிடுச்சா? அதுவரைக்கும் அவங்க பொறுப்பாங்களா?" என்றே கேட்டார். "பொறுப்பாங்க, நீங்க தூங்குங்க" என்றேன்.

இப்போது காது கொடுங்கள். கேட்கிறதா? நான் எழுந்ததிலிருந்து கேட்கிறது. துளை போடும் இயந்திரம், தாய்க்கிணற்றுப் பக்கம். ஊரே துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்தா?

முஹன்னா அவர்களே, ஏன் தலைகுனிகிறீர்கள்? என்ன சொல்கிறீர்கள்? "பிள்ளைங்க தாகத்துக்கு நான் என்ன பண்றது" என்கிறீர்களா? நியாயம்தான். வாய்க்காலில் என் தோட்டத்துக்கு வரும் முறைத் தண்ணீரை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் வரும்வரை என் பேரீச்சை காய்ந்தால் காயட்டும்.

அமைதி, அமைதி. திரைக்கு அப்பாலிருந்து ஸயானா அக்கா பேசுகிறார்.

"தம்பி முஹன்னா, எங்க வீட்டுக்காரர் முறையையும் எடுத்துக்க. என் பிள்ளைங்க சுமந்து குடிக்கும், பழகினதுதான். மொதல்ல அந்த மெஷினை நிறுத்து."

இதற்கு மேல் நான் என்ன இரங்கல் பேச? எல்லோரும் செருப்பை மாட்டுங்கள், தாய்க்கிணற்றுக்குப் போவோம். முஹன்னா, நீங்கள் முன்னால் நடங்கள்.