வெடிக்காத மூன்றாவது பை

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்க ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருக்கும் வீரராகவ ஐயங்கார் சுவாமி அவர்களே! எனக்கு இடப்புறம் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் கறிக்கடை ஷேக் தாவூது பாய் அவர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்திருக்கும் பொன்மலை சமையல் பணியாளர் சங்கத்துச் சகோதரர்களே, சகோதரிகளே! எல்லோருக்கும் பட்லர் அற்புதசாமியின் வணக்கம்.

நம் தலைமைச் சமையற்காரி வியாகுலம்மாள் போய்விட்டார். பன்னிரண்டு நாள் காய்ச்சல். போன செவ்வாய்க்கிழமை அடக்கம். உட்கார்ந்து அழுது தீர்க்கக்கூட நமக்கு அவகாசம் இல்லை. இதோ, மேஜைமேல் இருக்கிறது பாருங்கள் ஒரு கடிதம். ஸ்காட்லாந்துக்காரர் மன்றத்துக் காரியதரிசி துரை எழுதியது. இன்னும் பதினோரு நாளில் அவர்களுடைய திருநாள் விருந்து. "சமையற்காரி இறந்துவிட்டபடியால் விருந்தைச் சென்னை ஹோட்டலில் சொல்லிவிடலாமா? நாளைக் காலைக்குள் பதில் தேவை." இவ்வளவுதான் கடிதம். விருந்து போனால் சமையற்கட்டுப் போகும். சமையற்கட்டுப் போனால் ஒன்பது குடும்பங்களுக்கு உலை கிடையாது. இது உங்களில் யாருக்குத் தெரியாது?

பதில் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். அதற்கு முன்னால் ஐந்து வருஷத்துக் கதை ஒன்றை உள்ளபடி சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட கதைதான். நானே ஊரெல்லாம் சொன்ன கதைதான். ஆனால் நான் சொன்னது பொய்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஆட்குறைப்பு. துரைமார்களுக்கே சம்பள வெட்டு. அதுவரை அவர்கள் விருந்துக்குச் சாமான் கப்பலில் வரும், சமையற்காரன் சென்னையிலிருந்து வருவான். அந்த வருஷம் காரியதரிசி நம்மை வரிசையாக நிறுத்திச் சொன்னார்: "போன வருஷத்துச் செலவில் பாதிதான் தருவோம். பழைய முறையில் ஒன்றும் குறையக்கூடாது. முடியாதென்றால் டிசம்பர் முதல் தேதி சமையற்கட்டைப் பூட்டிவிடுவோம்." ஒன்பது பேரும் தரையைப் பார்த்து நின்றோம். யார் வாயைத் திறந்தது? அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வியாகுலம்மாள்!

"நவம்பர் முப்பதுதானுங்க? அது நம்ம பெலவேந்திரர் திருநாள். செஞ்சிருவோம்ங்க" என்றார். துரைமார் கொண்டாடுகிற அதே புனிதருக்கு நம் கோவிலில் அந்தப் பெயர்.

அந்த மன்றத்துக் குமாஸ்தா யார்? இன்றைய நம் கூட்டத் தலைவர் ஐயங்கார் சுவாமிதான். சுவாமி கோபிக்கக்கூடாது. துரைமார் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு, சமையற்கட்டு வாசலுக்கு வெளியே, அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்தியபடி வரிவரியாகத் தமிழில் சொன்னார். ஹாகிஸ் என்பது அந்த விருந்தின் ராஜா. ஆட்டு இரைப்பையைக் கழுவி, ஈரல், நுரையீரல், கொழுப்பு, வெங்காயம், ஓட்ஸ் எல்லாம் கொத்தி உள்ளே திணித்து, தைத்து, மூன்று மணி நேரம் வேகவைப்பது. இதைத் தினமும் வாயால் சொல்லிவிட்டு, சாயங்காலம் காவிரியில் முழுக்குப் போட்டுத்தான் வீட்டுக்குள் போனார். ஒரு நாளாவது "என்னால் ஆகாது" என்றாரா? இல்லை!

டின் ஓட்ஸ் நமக்குக் கட்டுப்படியாகவில்லை. "துறையூர்க் கம்பை வறுத்து உடைச்சுப் போடுவோம்" என்றார் வியாகுலம்மாள். அவர்கள் ஊர்க் கிழங்குக்குப் பதிலாக நூக்கோல். தட்டு சபைக்குள் வரும்போது குழல் ஊதுவது அவர்கள் வழக்கம்; ஊத ஆள் கூப்பிட வழியில்லை, ஒரு துரையின் கிராமபோன். இரைப்பை மட்டும் வேறு எதுவாகவும் இருக்க முடியாது. தாவூது பாய் மூன்று பைகள் கொண்டுவந்தார். தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்து, ஓட்டையில்லாத பைகளாகப் பொறுக்கிக் கொண்டுவந்தார்.

இன்னொரு வழக்கமும் புஸ்தகத்தில் இருந்தது. சமைத்தவரே தட்டைச் சுமந்து சபைக்குள் வரவேண்டும். மன்றத் தலைவர் எழுந்து நின்று ஒரு கிண்ணம் விஸ்கி கொடுப்பார். அதை எல்லோர் முன்னாலும் குடிக்க வேண்டும். அந்தக் கிண்ணம் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன்! அதுதான் உண்மை. பதினெட்டு வருஷம் ஓரமாக நின்று பரிமாறியவன் நான். "வியாகுலம், பொம்பளை உள்ள வந்தா நல்லாருக்காது. நீ குடிக்கவும் மாட்டே. நான் தூக்கிட்டுப் போறேன்" என்றேன். "சரிண்ணே" என்று விட்டுக்கொடுத்துவிட்டார். அவர் புருஷன் குடித்தே செத்தவர். வியாகுல மாதா கோவிலில் அந்தச் சனியனைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்.

ஒரு பையை அவர் நிரப்பினார். மற்ற இரண்டையும் என்னிடம் கொடுத்தார். "பாதிக்கு மேல போடாதீங்கண்ணே. கம்பு உப்பும்" என்றார். கேட்டேனா? நான் சுமக்கப்போகிற தட்டில் பை தொளதொளவென்று கிடந்தால் என் கௌரவம் என்ன ஆவது? அவர் கோழியைப் பார்க்கப் போன நேரத்தில் இரண்டையும் முட்ட முட்ட அடைத்துத் தைத்துவிட்டேன்.

சபையில் முப்பது பேர் உட்கார்ந்தாயிற்று. கிராமபோனில் குழல் பிளேட் போட்டாயிற்று. நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறேன். அண்டாவுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மூடியைத் திறப்பதற்குள் இன்னொரு 'டப்'! இரண்டு பைகளும் கிழிந்து எல்லாம் வெந்நீரில் மிதக்கிறது. உள்ளே பிளேட் ஓடி முடிந்தது. மறுபடி போட்டார்கள். அதுவும் முடிந்தது. மூன்றாம் தரம் போட்டார்கள். காரியதரிசி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அண்டாவைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வியாகுலம்மாளுக்குக் கையாளாக இருந்த அழகம்மாள், இதோ உட்கார்ந்திருக்கிறாளே, அன்றைக்கு வாய்விட்டு அழுதாள்.

வியாகுலம்மாள் என்ன செய்தார்? என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். மிஞ்சியிருந்த மூன்றாவது பையைக் கரண்டியால் தூக்கினார். மெலிந்த சின்னப் பை. அந்தப் பெரிய வெள்ளித் தட்டின் நடுவில் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே தட்டைத் தூக்கிவிட்டார்.

"ஐயோ, அந்தக் கிண்ணம்?" என்றேன்.

"வரட்டும்ண்ணே, பாத்துக்கலாம். நீங்க வெந்ததை வடிச்சுத் தட்டுல போடுங்க."

பிளேட் தீரும் நேரத்தில் மேஜைக்குப் போய்விட்டார். முப்பது பேரும் தட்டைப் பார்க்கிறார்கள், அவரைப் பார்க்கிறார்கள். மன்றத் தலைவர், வெள்ளைத்தாடிக்காரர், "இவ்வளவுதானா?" என்றார். வாசலில் நின்ற ஐயங்கார் சுவாமி அதைத் தமிழில் கேட்டார்.

"ரெண்டு வெடிச்சுப் போச்சுங்க. ருசி கெடலை. பின்னாடியே வருது."

"யாருடைய தப்பு?" என்றார் கிழவர்.

சகோதரர்களே, என் பெயரைச் சொல்லியிருக்கலாமா இல்லையா? சொல்ல வேண்டிய இடமா இல்லையா?

"என் அடுப்புங்க" என்றார்.

கிழவர் கிண்ணத்தை நீட்டினார். வியாகுலம்மாள் கையைக் கட்டிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. இதை நான் தொடமாட்டேன். என் வீட்டுக்காரரை இதுதான் கொண்டுபோச்சு" என்றார். ஐயங்கார் சுவாமி ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அதை இங்கிலீஷில் சொன்னார். காரியதரிசி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். தொலைந்தோம் என்று கதவிடுக்கில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிழவர் மட்டும் அசையவில்லை. "வேறு என்ன குடிப்பாய்?" என்று கேட்டார்.

"தண்ணி போதுங்க. காலையிலேருந்து ஒரு வாய் குடிக்கலை."

அவர் விஸ்கியைத் தன் தம்ளரில் ஊற்றிவிட்டு, அதே வெள்ளிக் கிண்ணத்தை அலம்பி, தன் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றித் தன் கையால் கொடுத்தார். வியாகுலம்மாள் நம் வீட்டில் குடிக்கிற மாதிரி அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கிழவர் நின்றபடியே பையை அறுத்து ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய் தின்றார். பிறகுதான் உட்கார்ந்தார். சமையற்கட்டு அன்றைக்குத் தப்பியது. இன்றுவரை திறந்திருக்கிறது.

நான் என்ன செய்தேன்? பை எப்படி வெடித்தது என்று சந்தையில் கேட்டவர்களிடமெல்லாம், "தாவூது பாய் கொடுத்தது இத்துப்போன பை" என்றேன். ஐந்து வருஷம் சொன்னேன். பாய் காதுக்கும் போயிருக்கும். அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. வியாகுலம்மாளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு திருநாளுக்கும் பைகளை என்னிடம்தான் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும், "பாதிக்கு மேல போடாதீங்கண்ணே" என்று அதே வார்த்தை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, தள்ளிவைக்கவும் இல்லை. அந்த அம்மாளுக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன்? உயிரோடு இருந்தபோது ஒரு மன்னிப்புக் கேட்டேனா? வெட்கமாக இருக்கிறது!

தாவூது பாய் அவர்களே, உங்கள் பையில் குறையில்லை. என் கையில்தான் குறை. இந்தச் சபை அறியச் சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள். பாய், பதினோரு நாளில் மூன்று பைகள் வேண்டும். கொடுப்பீர்களா?

தலையசைக்கிறார். பார்த்துக்கொள்ளுங்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஐயங்கார் சுவாமி, பேனாவை எடுங்கள். விருந்து பொன்மலையில்தான் என்று எழுதுங்கள். அடுப்பு அழகம்மாளுடையது என்று எழுதுங்கள். அழகம்மா, நீ அழக்கூடாது. தட்டை நீதான் சுமக்கிறாய். கிண்ணத்தில் என்ன வேண்டுமென்று நீயே கேட்டு வாங்கிக்கொள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பைகளை நிரப்புவது மட்டும் நான். இந்த வருஷம் சொல்வதற்கு ஆள் இல்லை. ஆனாலும், வியாகுலம், பாதிக்கு மேல் போடமாட்டேன்.