கீழ்வீட்டு ரேடியோவில் உறுமல்

பிரிக்பீல்ட்ஸ் போகும் மினி பஸ். முன்சீட்டில் எங்கள் ஃப்ளாட்டின் கீழ்வீட்டு அம்மாவும் அவருடைய சிநேகிதியும். பின்னால் நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"மருமக வந்ததுலேருந்து ரேடியோல பேய் உறுமுது" என்றார் கீழ்வீட்டு அம்மா.

"புது ரேடியோ வாங்கிப் பாரேன்லா."

"வாங்கியாச்சு, அதுவும் உறுமுது. சரியா ஆறு மணிக்கு, பிறந்தநாள் வாழ்த்து சொல்றப்ப."

"அப்ப அவ என்ன செய்றா?"

"ஒண்ணுந் தெரியாத மாதிரி வெங்காயம் உரிக்கிறா. வெள்ளிக்கிழமை பூசாரி வர்றாரு. அவர் எலுமிச்சம்பழம் வெட்டினப்புறமும் உறுமுச்சுன்னா, கிள்ளான்ல அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிருவேன்."

ஆறு மணிக்குத்தான் ஆபீஸிலிருந்து மேல்வீட்டுக்கு வந்து, அந்த மருமகள் வந்த சமயத்தில் வாங்கிய கம்ப்யூட்டரைப் போடுவேன். போட்டால் என் ரேடியோவும் அப்படித்தான் உறுமும். சொல்லியிருக்கலாம். ஆனால், நாலு மாதமாக உங்கள் வீட்டுப் பேய் நான்தான் அக்கா என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி ஓடினேன்.

மருமகள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். பூசாரிக்கு பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பேர். கம்ப்யூட்டரை வியாழக்கிழமையே சுபாங் ஜெயாவில் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

தம்பியின் பக்கத்து வீட்டுக்கு அடுத்த மாதம் மருமகள் வருகிறாளாம்.