முகம் எழுதாத நாவல்

— முந்நூறு பக்கம் மேடம். ஒருத்தர் முகம்கூட இல்ல! கண்ணு எப்படி, மூக்கு எப்படி, ஒரு வரி? படிக்கிறவங்க யாரைத்தான் மனசுல நினைச்சுக்குவாங்க?

— ஏனுங்க பாண்டியன் சார், இதைச் சொல்லவா கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்தீங்க? போன்லயே சொல்லியிருக்கலாமுங்களே.

— போன்ல சொல்லிச் சொல்லித்தான் வாய் வலிச்சுப் போச்சு. பதிப்பகத்துல முடிவா சொல்லிட்டாங்க மேடம். முகத்தை எழுதிக் குடுத்தா அச்சுக்குப் போகும். இல்லன்னா, உங்க முதல் நாவல் எங்க அலமாரியிலயே தூங்க வேண்டியதுதான்.

— அப்ப நடந்துக்கிட்டே பேசலாம், வாங்க. தேயிலை ஏல ஆபீஸ் விட்டதும் தினமும் இப்படித்தான் மலை மேல பெட்போர்டு ரோடு வரைக்கும் ஏறுவேன். நாவல் மொத்தமும் இந்த ஏத்தத்துல உண்டானதுங்க. ஊட்டுக்குப் போய் டைப் மட்டும்தான் பண்ணுவேன். பாத்துங்க, படி வழுக்கும்.

— நடந்தா கதை வருமா?

— முன்னாடி ஒரே குடையில ரெண்டு பேர் போறாங்களே, மூஞ்சி தெரியுதுங்களா?

— முதுகுதான் தெரியுது.

— சண்டை போட்டுட்டுப் போறாங்க. அந்தம்மா குடையை அவர் பக்கம் சாய்க்கவே இல்ல, மனுசன் பாதி நனைஞ்சுட்டாரு. ஆனா அவரு மூச்சு வாங்கறப்பெல்லாம் அந்தம்மா நடையைக் கொறைக்குது பாருங்க. ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள சமாதானம் ஆயிருவாங்க. எனக்கு இது போதுமுங்க. மூக்கு எதுக்கு?

— நல்லாத்தான் இருக்கு. ஆனா புத்தகம் விக்கணுமே மேடம்.

— நான் எஸ்டேட் லயத்துல, கூலிக்காரங்க வரிசை ஊட்டுல பொறந்தவங்க. அம்மா சிலோன்ல இருந்து வந்தவங்க. தேயிலைக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை. பொம்பளைங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் வேலைக்குப் போகணும். முன்னாடி போறவங்க ஒரு சேதி சொன்னா, அடுத்த ஆள் கொஞ்சம் கூட்டிப் பின்னாடி அனுப்புவாங்க. கடைசில நடக்கற எங்கம்மாகிட்ட வர்றப்ப அது முழுக்கதையா ஆயிருக்கும். யார் மூஞ்சியும் பாக்காம கேட்ட கதைங்க. அதைக் கேட்டுத்தான் நான் வளந்தேன். பெருமையாவே சொல்றேன், எனக்கு இப்படித்தான் எழுத வரும். மாத்த மாட்டேன்.

— புத்தகமே வராதுன்னாலுமா?

— வருசக்கணக்கா எழுதுனதுங்க. ஆனாலும் மாத்த மாட்டேன்.

— ஏத்தம் முடிய இன்னும் தூரமா மேடம்?

— இதோ, பெட்போர்டு வந்தாச்சு. நாலு பேர் கைகோத்து நடக்கலாம், அவ்வளவு அகலம். இன்னும் ஏனுங்க எம் பின்னாடியே வர்றீங்க? பக்கத்துல வாங்க.

— எனக்கு அது பழக்கமில்லைங்க.

— எந்த எஸ்டேட்டுங்க நீங்க?

— கிளென்மார்கன் பக்கம். வரிசையில எங்கம்மாதான் முதல் ஆளு. ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல... நீங்க முன்னாடி நடங்கக்கா. ஒரு வரிகூட மாத்த வேண்டாம். பதிப்பகத்துல நான் பேசிக்கிறேன். நான் எந்த லயத்துல பொறந்தவன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.