பதினாறாம் இடத்துக்கு ஒரு வேண்டுதல்

திங்கள் காலை நியூசிலாந்தின் பாபகூராவில் ரயில் ஏறியதும் முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மா, "முருகா, எங்கட பிள்ளையின்ர கொலிஜுக்குப் பதினாறாம் இடமாவது குடப்பா" என்று வாய்விட்டுக் கும்பிட்டார். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகும் நான்கூட அப்படி உருகிக் கேட்டதில்லை.

பக்கத்தில் அவர் கணவர், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்கு எந்தெந்த அணிகளை எடுப்பார்கள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

"பதினாறு கடைசி இடமெல்லோ! என்ர கணக்குக்குப் பன்னிரண்டு தருவினம்."

"எத்தினையாவது எண்டாலும் எடுத்தாக் காணும். எடுத்தாத்தானே டிவியில காட்டுவாங்கள். பிள்ளையின்ர முகம் பாத்து மூண்டு வரியமாச்சு."

"அவனை விளையாட விடுறேல்லையே. ஓரத்தில வாங்கில இருத்தி வைச்சிருக்கிறாங்கள்."

"வாங்கையும் காட்டுவாங்கள்தானே."

கணவர் சிரித்துவிட்டார்.

அம்மா இடியப்பப் பொதியைப் பிரித்தபடி கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பாங்கள் எண்டியள். நேற்று முழுக்க விரதம் பிடிச்சனான். ஏன் இன்னும் ஒண்டும் தெரியேல்லை?"

"நேற்று அங்க சனிக்கிழமை. அவங்களுக்கு இண்டைக்குத்தான் ஞாயிறு. மத்தியானம் அறிவிப்பாங்கள்."

அம்மா பொதியை அப்படியே சுற்றி அவர் மடியில் வைத்தார்.

"அப்ப நீங்கள் சாப்பிடுங்கோ. நான் இண்டைக்கும் இருக்கிறன்."