பதினொரு ஆடு தின்னும் பறவை

நீங்களே சொல்லுங்க சார்... வீடு அளவு ஒரு பறவை, அது காலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ராஜகுமாரன், ஏழு கடல் தாண்டிப் போறான்! முடியுமா? முடியாதுல்ல? அதைச் சொன்னா குத்தமா? அட, போகலாம் சார், இன்னிக்குத்தானே மாடிக்குக் குடிவந்தீங்க, அதுக்குள்ள என்ன அவசரம்? இப்படிப் படியில உக்காருங்க. நானும் மத்தியானத்துல இருந்து இங்கதான் இருக்கேன். கதவா? அது உள்பக்கம் தாப்பாப் போட்டிருக்கு. அதை விடுங்க.

எங்க வீட்டம்மா வாரப் பத்திரிகைல தொடர்கதை எழுதுறா, அதுல வர்ற பறவைதான் அது. நான் காலேஜ்ல பிசிக்ஸ் வாத்தியார். ரெண்டுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. ஆனா அந்தப் பறவையை நான் முறையா ஆராய்ச்சி பண்ணேன் சார். சும்மா இல்ல! நாலு போர்வையைச் சேர்த்துத் தைச்சு, இறக்கை கட்டி, மணல் மூட்டையைத் தொங்கவிட்டு மொட்டை மாடில இருந்து விட்டுப் பார்த்தேன். பறக்கலை. மூட்டை நேரா பக்கத்து வீட்டுக்காரர் தண்ணித் தொட்டில... அந்த மனுஷன் ஒரு முன்கோவி, அவர் கதை தனி.

எங்க விட்டேன்? ஆங், பறவை. அந்த உடம்புக்கு ஒரு நாளைக்குப் பதினொரு ஆடு வேணும் சார். பதினொண்ணு! மூணே மாசத்துல நாட்டுல ஆடே இருக்காது. தின்னது சும்மா இருக்குமா? ராஜா குடை பிடிச்சுக்கிட்டுத்தான் வெளிய வரணும்!

சிரிக்கிறீங்கல்ல? அவளும் சிரிச்சா. "ஆடு எண்ணவா உங்களுக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க?"ன்னு கேட்டுட்டு, நான் கணக்குப் போட்ட தாளைத் திருப்பி, பின்பக்கம் சலவைக்குப் போட்ட துணியை எண்ணி எழுதுறா சார்! மூணு வாரத்து உழைப்பு! எனக்கு எப்படி இருக்கும்?

அப்புறம் 'உண்மை விரும்பி'ன்னு எவனோ ஒருத்தன் பத்திரிகைக்கு லெட்டர் போட்டான். அவங்களும் அச்சுல போட்டுட்டாங்க. ஊரே சிரிச்சுது. "பறவைக்கு இன்னிக்கு எத்தனை ஆடு?"ன்னு கேட்டு மூட்டை மூட்டையா தபால். ஆசிரியர் கதையையே நிறுத்திட்டார். பாவம் சார் அவ, மூணு நாளாச் சரியாச் சாப்பிடலை. "அவன் வெளங்குவானா?"ன்னு அவ திட்டும்போதெல்லாம், "வெளங்கவே மாட்டான்"னு நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? என்ன இருந்தாலும் நல்ல லெட்டர் சார் அது. இறக்கைக்குப் படமெல்லாம் போட்டு... சரி, சரி. நான்தான். படிச்சுட்டுக் குப்பைல போட்டுருவாங்கன்னு நெனச்சேன். என் நேரம்!

எப்படி மாட்டினேனா? பறவை எவ்வளவு தூக்கணும்னு பார்க்க ராஜகுமாரன் எடை வேணும்ல? எழுபதுன்னு அடிச்சுவிட்டிருந்தாப் பொழைச்சிருப்பேன். ஆராய்ச்சில அளந்ததைத்தானே சார் எழுதணும்? போன மாசம் டாக்டர் என்னை நிறுத்தாரா, அதை அப்படியே எழுதித் தொலைச்சேன். தொண்ணூத்தி நாலு கிலோ அறுநூறு கிராம். அந்தச் சீட்டு எங்க ஃப்ரிட்ஜ் கதவுலதான் ஒட்டியிருக்கு. இன்னிக்குப் பால் எடுக்கப் போனவ, அங்கேயே நின்னுட்டா.

கத்துவான்னு பார்த்தேன். கத்தலை. "அந்தப் பறவையால ஏழு கடல் தாண்ட முடியாதுதாங்க. இந்த வாசப்படி தாண்ட நான் போதும்"னா. சட்டைக் காலரைப் பிடிச்சு அப்படியே வெளிய வெச்சுட்டா.

தொண்ணூத்தி நாலு கிலோ சார்... ஒத்தைக் கையால!